கை விறைப்புக்கு 'தொராசிக் அவுட்லெட்' என்றார்களா? ஒப்பரேஷனுக்கு முன் கேட்க வேண்டியவை

கரைவலை இழுப்பவர், கூரைக்குப் பெயின்ட் அடிப்பவர், கையை உயர்த்தி வேலை செய்கிற எவருக்கும் கை விறைப்பு, அதாவது மரத்துப்போதல், வரலாம். கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் நரம்புக்கட்டு கழுத்தின் பக்கவாட்டிலுள்ள ஸ்கேலீன் தசைகளுக்கு நடுவிலோ, காறை எலும்புக்கும் முதல் விலாவுக்கும் இடையிலோ நெரிபட்டால் அதைத் 'தொராசிக் அவுட்லெட் சின்ட்ரோம்' என்கிறோம்.

இரத்தக்குழாய் நெரிபட்டால் ஸ்கானில் தெரியும். அதில் சர்ச்சை இல்லை. கை திடீரென வீங்கி நீலம் பாய்ந்தாலோ, வெளிறிக் குளிர்ந்தாலோ தனியார் வைத்தியருக்குச் சனல் பண்ணி, அதாவது நேரம் பதிந்து, காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே திருகோணமலைப் பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள். வைத்தியர்கள் முரண்படுவது, நோவும் விறைப்பும் இருந்தும் சோதனைகள் எல்லாம் சரியாக வருகிறவர்களைப் பற்றித்தான்.

அதனால் நிபுணரின் பட்டத்தைவிட அவர் உங்கள் கையைப் பார்க்கிற விதத்தைக் கவனியுங்கள். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் விறைத்தால் முதல் சந்தேகம் மணிக்கட்டில். சின்னிவிரலும் மோதிரவிரலும் விறைத்து, விறைப்பு மணிக்கட்டோடு நின்றால் முழங்கையில். அதே விறைப்பு முன்கையின் உட்பக்கமும் ஏறினால் கழுத்தடி நரம்புக்கட்டை நினைக்க வேண்டும், பெருவிரல் அடிச் சதையும் வற்றியிருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். கழுத்துத் தட்டு விலகினாலும் இதே விறைப்பு வரும் என்பதால் கழுத்து எம்.ஆர்.ஐ. தேவைப்படலாம். நரம்பில் மின்சமிக்ஞை எப்படிப் போகிறது என்று பார்க்கும் நரம்புக் கடத்தல் சோதனையில் முன்கை உட்பக்கத் தோல் நரம்பையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறாரா என்று கேளுங்கள். அதை விட்டுவிட்டால் உண்மையான நெரிவும் நழுவிப் போகலாம்.

கையைத் தூக்கும்போது நாடி மறைவதை மட்டும் வைத்து முடிவெடுக்கிறவரிடம் கவனமாக இருங்கள். சுகதேகிகள் பலருக்கும் அது மறையும். முழங்கைகளை மடக்கி இரு கைகளையும் உயர்த்தி 3 நிமிடம் விரல்களை மூடித் திறக்கும் சோதனையும் தனியே சாட்சியாகாது. எக்ஸ்ரேயில் கழுத்து விலா, அதாவது கழுத்தடியில் கூடுதலாக உள்ள ஒரு விலா, தெரிந்தால் பயப்பட வேண்டாம். நூற்றில் ஒருவருக்கோ அதற்கும் குறைவானவர்களுக்கோ அது உண்டு, பெரும்பாலானோருக்கு ஒரு தொந்தரவும் இல்லை.

தசை வற்றாதவர்களுக்கு முதலில் பிசியோதெரபி, வழக்கமாகச் சில மாதங்கள். தொடக்கத்திலேயே பாரம் தூக்கவும் கழுத்தை வலிந்து இழுக்கவும் வைத்தால் நோவு கூடலாம். இதனால் இடையில் கைவிடுகிறவர்களும் உண்டு.

இதற்குப் பிறகும் ஒப்பரேஷன் என்றால், செய்பவர் இரத்தக்குழாய், நெஞ்சு அல்லது நரம்பு சத்திரசிகிச்சை நிபுணராக இருக்கலாம். எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார், அக்குள் வழியாகவா காறை எலும்புக்கு மேலாகவா, ஏன் என்று கேளுங்கள். ஸ்கேலீன் தசையில் மரத்துப்போகச் செய்யும் ஊசி போட்டு, அந்தச் சில மணி நேரம் நோவு குறைகிறதா என்று பார்த்தாரா? நுரையீரலைச் சுற்றிக் காற்றுப் புகுதல், மூச்சு விட உதவும் உதரவிதானத்தின் நரம்பு பாதித்தல், பெரிய இரத்தக்குழாய் கிழிதல், தழும்பால் நோவு திரும்புதல் எல்லாவற்றையும் அவர் தானாகவே சொல்ல வேண்டும். கேள்வி கேட்டதற்குச் சினக்கிறவரிடம் கையெழுத்துப் போடாதீர்கள், வேறொருவரிடமும் காட்டுங்கள்.

கண்டிக்கோ கொழும்புக்கோ போவதாக இருந்தால் கிளினிக் கொப்பியோடு எக்ஸ்ரே படங்களையும் நரம்புச் சோதனையின் முழு அறிக்கையையும் கொண்டுபோங்கள். 'நோர்மல்' என்று ஒரு வரி மட்டும் எழுதிய துண்டை வைத்து, எந்த நரம்பைச் சோதித்தார்கள் என்று அங்குள்ளவருக்குத் தெரியாது.