கண்ணைக் கசக்காதீங்க, ஆயா!

போன வாரம் ஒரே காலையில், கண்ணில் கம்பளிப்பூச்சி முடியோடு மூன்று பேர் கண் டாக்டரான என்னிடம் வந்தார்கள். மழை விட்ட பிறகு இது வழக்கம்தான் என்றாலும், மூன்றாவதாக வந்த கொருக்குப்பேட்டைப் பையனைப் பார்த்ததும் எனக்குப் பொறுமை போய்விட்டது. கோபம் அவன் மேல் இல்லை, வீட்டில் அவன் கண்ணுக்குச் செய்திருந்த வைத்தியத்தின் மேல்.

"ராத்திரி டியூப்லைட்டுக்கிட்ட மஞ்சப் பூச்சி ஒண்ணு சுத்திச்சு டாக்டரம்மா. அது தூள் கண்ணுல பட்டுடுச்சு. பட்டா கண்ணு போயிடும்பாங்களே" என்று ஆயா அழுதார்.

இந்தத் தூள் கதையைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. பட்டாம்பூச்சியோ அந்துப்பூச்சியோ, கையில் ஒட்டும் அந்தத் தூள் இறக்கையின் மேல் ஓடு வேய்ந்ததுபோல் அடுக்கியிருக்கும் தட்டையான செதில். விஷம் கிடையாது, கொக்கி கிடையாது. கண்ணில் விழுந்தால் உறுத்தும். தண்ணீர் விட்டுக் கழுவினால் போய்விடும். அந்தத் தூளால் பார்வை போன ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. பூச்சியைப் பார்த்தால் விளக்கை அணைத்து, ஜன்னலைச் சாத்தி, துடைப்பத்தோடு துரத்துகிறீர்கள். அதன் பிள்ளைகளான கம்பளிப்பூச்சிகள் கொல்லைப்புற முருங்கையில் கொத்துக் கொத்தாக உட்கார்ந்திருக்கும்போது அதன் கீழேயே கொடி கட்டித் துணி காயப்போடுகிறீர்கள்!

பையனின் மேல் இமையைப் புரட்டி ஸ்லிட் லேம்ப்பில் (கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி) பார்த்தேன். நான்கு முடிகள், எல்லாம் கம்பளிப்பூச்சியுடையவை. விளையாடிவிட்டு வந்தவன் முகம் கழுவி, முருங்கைக் கிளைக்குக் கீழே காய்ந்த துண்டால் அழுத்தித் துடைத்திருக்கிறான். மஞ்சள் பூச்சி பாவம், வெளிச்சத்துக்கு வந்தது.

முருங்கைக் கம்பளிப்பூச்சியின் தாய், மஞ்சளும் பழுப்பும் கலந்த ஓர் அந்துப்பூச்சி. மழைக்குப் பிறகு மண்ணுக்குள்ளிருந்து வெளியே வந்து இலையிலும் இளந்தண்டிலும் கூட்டமாக முட்டையிடும். புழுக்கள் பட்டையைச் சுரண்டும், இலையைத் தின்று மரத்தை மொட்டையாக்கும், அடிமரத்தில் கம்பளி போர்த்தியதுபோல ஒட்டிக் கிடக்கும். வளர்ந்தபின் மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகும். இறங்குகிற வழியில்தான் நம் சுவர், கொடி, வாசல் செருப்பு எல்லாம். அது யாரையும் கடிப்பதில்லை. முடி உதிர்ந்தாலே போதும். செத்த புழுவின் முடியும் அரிக்கும்.

கண்ணில் பட்டால் அரிப்போடு நிற்காது. அந்த முடியில் நுண்ணிய முட்கள் உண்டு. கசக்கக் கசக்க உள்ளேதான் போகும், வெளியே வராது. கருவிழியைத் துளைத்து, சிலருக்குக் கண்ணின் உட்புறம் வரைகூடப் போய்விடும். வாரங்கள், மாதங்கள் கழித்தும் வீக்கம் கிளம்பும். முடியைச் சுற்றிச் சிறு முடிச்சுகள் உண்டாகும் இந்த நோய்க்கு 1904-லேயே ஆப்தால்மியா நோடோசா என்று பெயர் வைத்துவிட்டார்கள். பேர் வாயில் நுழையாவிட்டால் பரவாயில்லை, கை கண்ணுக்குப் போகாமல் இருந்தால் சரி.

முந்தானையைச் சுருட்டி வாயால் ஊதி ஒத்தடம் கொடுக்காதீர்கள். அன்புதான், தெரிகிறது. ஆனாலும் அந்த அழுத்தத்தில் முடி இன்னும் ஆழம் போகிறது. தாய்ப்பால் விட வேண்டாம். மருந்துக் கடையில் "கண்ணு சிவப்புக்கு" என்று கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தைத் தொடவே தொடாதீர்கள். அதனால் கண் அழுத்தம் ஏறிப்போனவர்களை மாதாமாதம் பார்க்கிறேன். சுத்தமான தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள். அன்றே கண் மருத்துவரிடம் வாருங்கள். செலவுக்கு யோசித்தால் ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது, 1819-இலிருந்து எழும்பூர் அரசு கண் மருத்துவமனை இருக்கிறது. தோலில் பட்டால் தேய்க்காமல் செல்லோடேப்பை ஒட்டி ஒட்டி எடுத்துவிட்டு சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

மரத்தை வெட்ட வேண்டாம். அடியில் நின்று பந்தம் கொளுத்தவும் வேண்டாம். கடல்காற்றில் முடி பக்கத்து வீட்டுப் பிள்ளை கண்ணுக்குப் போகும். கண்ணாடி போட்டு, முழுக்கைச் சட்டையோடு, சோப்புத் தண்ணீரைத் தெளித்து நனைத்தபின் நீளக் குச்சியால் வழித்து வாளியில் தள்ளுங்கள். மரத்தடி மண்ணைக் கொத்திவிட்டால் கூட்டுப்புழுக்கள் வெளியே வரும். கொடியை மட்டும் தயவுசெய்து நாலடி தள்ளிக் கட்டுங்கள்.

மூன்று முடிகளை எடுத்துவிட்டேன். நான்காவது கருவிழிக்குள் பாதி புதைந்திருக்கிறது, வியாழக்கிழமை மறுபடி பார்க்க வேண்டும். "வலி போயிடுச்சே, எதுக்கு வரணும்?" என்று ஆயா வாசலில் நின்று கேட்டார். வரணும், ஆயா.