துவாயும் தோவாயாவும்: படம் பார்த்து ஸ்பானிய மொழி கற்கும்போது காதுக்குள் நடப்பது

என் அக்கா மகன் இலங்கை மலையகத்து ஊரான எல்லவில் ஒரு விருந்தினர் விடுதியில் வேலை செய்கிறான். போன வருடம் ஒருநாள் வேலை முடிந்து வந்தவன், சப்பாத்தைக் கழற்றும் முன்பே சொன்னான்: “மாமா, ஸ்பெயின்காரங்களும் துவாயைத் துவாய்ன்னுதான் சொல்றாங்க.” ஸ்பெயினிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா மாடிப்படியில் நின்று ஏதோ வேகமாகக் கேட்டிருக்கிறார். இவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நடுவில் “தோவாயா” என்பது மட்டும் காதில் தட்டியிருக்கிறது. ஓடிப்போய் ஒரு துவாயை எடுத்து வந்து கொடுத்திருக்கிறான். அவர் கேட்டதும் அதைத்தான்.

நீ கழற்றுகிற சப்பாத்தும் அவர்களிடம் சப்பாத்தோதான் என்று சொன்னேன். 1505 இல் இலங்கைக்கு வந்த போர்த்துக்கேயர் 1658 இல் யாழ்ப்பாணத்தையும் ஒல்லாந்தரிடம் இழந்து போய்விட்டார்கள், ஆனால் அவர்களுடைய சொற்கள் போகவில்லை. போர்த்துக்கேயமும் ஸ்பானியமும் லத்தீன் வீட்டில் பிறந்த அக்கா தங்கை. அதனால்தான் நாம் காலையில் கடையில் வாங்கும் பாண் அங்கே பான், மேசை அங்கே மேசா, குசினி கோசீனா, பொத்தான் போத்தோன். கதிரை மட்டும் வழி மாறிப்போனது. ஸ்பானியத்தில் காதேரா என்றால் இடுப்பு.

அன்றிரவே அவன் ஸ்பானிய நாடகம் பார்க்கத் தொடங்கிவிட்டான். எங்கள் தோட்டத்தில் சிக்னல் ஒரு கோட்டுக்கு மேல் ஏறாது என்பதால் விடுதியின் வைஃபையில் இறக்கிக்கொண்டு வருவான். இரண்டு வாரம் கழித்து முகம் வாடிப்போய் வந்து உட்கார்ந்தான். “தெரிஞ்ச சொல்லுகூட கேக்க மாட்டேங்குது மாமா. எல்லாம் ஒரே சொல்லா ஓடுது.” படம் பார்த்து மொழி கற்க முயன்ற எல்லாரும் இந்த இடத்தில் ஒருமுறை நின்றிருப்பார்கள். அவன் சோம்பேறியும் இல்லை, அவன் காதில் குறையும் இல்லை.

எழுத்தில் சொல்லுக்குச் சொல் இடைவெளி விடுகிறோம். பேச்சில் அப்படி ஓர் இடைவெளி கிடையாது. ஒரு வாக்கியத்தைப் பதிவுசெய்து அதன் ஒலியலையைக் கணினித் திரையில் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். ‘சப்பாத்து’ என்று சொல்லும்போது ‘ப்ப’ வரும் இடத்தில் உதடு மூடி மூச்சு அடைபடுகிறது. அங்கே அலை தட்டையாகிவிடும். அதாவது மௌனம் சொல்லின் நடுவில் இருக்கிறது. ஒரு சொல் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்திலோ அலை விடாமல் ஓடிக்கொண்டிருக்கும். நமக்குத் தமிழில் சொற்கள் தனித்தனியாகக் கேட்பது மூளை போட்டுத் தரும் வெட்டு.

அவனுடைய போனை வாங்கி, அவன் சிக்கிய இடத்தை நானும் கேட்டேன். சமையலறையில் ஒரு பெண் தன் தம்பியிடம் ஏதோ கேட்கிறாள். என் காதில் விழுந்தது ‘கேபாசாசேர்’. திரையின் கீழே ஓடும் எழுத்தில் நான்கு சொற்கள் இருந்தன: கே, பாஸ், ஆ, ஆசேர். ‘என்ன செய்யப் போகிறாய்?’ என்று பொருள். பாஸ் என்பதன் கடைசி ஸ் அடுத்த ஆ மேல் ஏறி ‘சா’ ஆகிவிட்டது. அடுத்தடுத்து வந்த இரண்டு ஆக்கள் ஒன்றுக்குள் ஒன்று கரைந்துவிட்டன. அந்த நான்கு சொற்களில் உள்ள ஐந்து அசைகளுக்குப் பதிலாக கே-பா-சா-சேர் என்று நான்கு அசைகள்தான் வாயிலிருந்து வந்தன. நாமும் இதைத்தான் செய்கிறோம். ‘என்னசெய்யப்போற’ என்பதை ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் புணர்ச்சி என்று படித்தோமே, அது காகிதத்துக்காக வகுத்த விதி இல்லை. வாய் செய்வதைப் பார்த்து எழுதி வைத்தது.

சரி, வெட்டே இல்லாத ஒலியில் மூளை எங்கே வெட்டுவது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறது? 1996 இல் அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஜெனி சாஃப்ரன், ரிச்சர்ட் ஆஸ்லின், எலிசா நியூபோர்ட் ஆகிய மூவரும் எட்டு மாதக் குழந்தைகளிடம் இதைச் சோதித்தார்கள். மூன்று அசை கொண்ட, பொருளே இல்லாத நான்கு சொற்களைச் செய்து, இடைவெளியோ ஏற்ற இறக்கமோ இல்லாமல் கணினிக் குரலில் 2 நிமிடம் ஓடவிட்டார்கள். சொல்லுக்குள் முதல் அசைக்குப் பின் இரண்டாவது அசை கட்டாயம் வரும். சொல் முடிந்த இடத்திலோ அடுத்து எது வரும் என்பது உறுதியில்லை. அந்தப் பச்சைக் குழந்தைகள் 2 நிமிடத்தில் இந்த வித்தியாசத்தைப் பிடித்துவிட்டார்கள். எந்த அசை எதோடு ஒட்டிக்கொண்டே வருகிறது என்று காது தானாகக் கணக்கு வைக்கிறது. ஒட்டு தளரும் இடம்தான் சொல்லின் ஓரம். இந்தக் கணக்கு வயது வந்த பின்னும் நம்மிடம் வேலை செய்கிறது. ஆனால் அதற்குத் தீனி ஒன்றே ஒன்றுதான், அது திரும்பத் திரும்பக் கேட்பது.

இதனால்தான் என் அக்கா மகனின் முறை பலிக்கவில்லை. இரவுக்கு ஒரு படம், ஒவ்வொரு நாளும் வேறு படம். கதை மாறுகிறது, குரல் மாறுகிறது, சொற்களும் மாறுகின்றன. எதுவும் கணக்கில் சேரும் அளவுக்குத் திரும்பி வருவதில்லை. ஒரே நாடகத்தைத் தொடர்ந்து பார்த்தால் அதே ஆட்கள் அதே வீட்டில் நின்று அதே சண்டையைப் போடுவார்கள். சொற்கள் சுற்றிச் சுற்றி வரும். ஸ்டூவர்ட் வெப்பும் மைக்கேல் ரோட்ஜர்ஸும் ஆங்கில நிகழ்ச்சிகளை எண்ணிப் பார்த்து 2009 இல் எழுதினார்கள்: அடிக்கடி வரும் 3000 சொற்குடும்பங்களும் (ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைத்தவையும் சேர்ந்தது ஒரு குடும்பம்) ஆள், ஊர் போன்றவற்றின் பெயர்களும் தெரிந்தால் திரையில் பேசுவதில் சுமார் 95 சதவீதம் தெரிந்த சொல்லாகிவிடும். ஆங்கிலத்துக்கே 3000 என்றால், ஸ்பானியத்தில் முந்நூறு சொல்லோடு முழுப் படத்தில் இறங்குபவன் மூழ்கத்தான் செய்வான்.

வேகமும் ஒரு காரணம். பிரான்சின் லியோனில் பிரான்சுவா பெல்லெக்ரினோவின் குழு 2011 இல் அளந்ததில் ஆங்கிலம் வினாடிக்கு 6.19 அசை, ஸ்பானியம் 7.82 அசை. அவர்கள் அளந்தவற்றில் ஜப்பானிய மொழியும் ஸ்பானியமும்தான் மிக வேகமானவை. அசை ஒவ்வொன்றும் சுமக்கும் செய்தி ஸ்பானியத்தில் குறைவு. அந்தக் குறையை வேகத்தில் ஈடுகட்டுகிறார்கள். இன்னொரு பக்கம், கேட்ட ஒலியை அப்படியே மனதுக்குள் ஒலிக்கவிட்டு வைத்திருக்கும் நினைவுக்கு ஏறக்குறைய 2 வினாடிப் பேச்சுதான் கொள்ளும். இரண்டையும் பெருக்கினால் பதினைந்து, பதினாறு அசை. அதற்குள் வெட்டிப் பொருள் எடுக்காவிட்டால் அடுத்த அலை வந்து முந்தியதை அடித்துக்கொண்டு போய்விடும். ஆகவே ஒவ்வொரு வாக்கியத்திலும் நிறுத்தி, பின்னால் இழுத்து மறுபடி கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நாங்கள் ஒரு முடிவுக்கு வந்தோம். இரவுக்கு 2 நிமிடக் காட்சி ஒன்று, அவ்வளவுதான். முதல் தடவை ஆங்கில எழுத்தோடு பார்த்துக் கதை என்னவென்று தெரிந்துகொள்வது. அப்புறம் ஸ்பானிய எழுத்தோடு நாலைந்து தடவை. கடைசியில் திரையைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் காதால் மட்டும் கேட்பது. மழை தகரத்தில் அடிக்கும் இரவுகளில் இயர்போன் இல்லாமல் முடியாது. கேட்டு முடித்ததும் படுத்துவிடவேண்டும் என்பது என் கட்டளை. புதுச்சொல் ஒன்று ஏற்கனவே தெரிந்த சொற்களோடு கலந்து வேலை செய்யத் தொடங்குவது ஒரு தூக்கத்துக்குப் பிறகுதான் என்று நிக்கோலா டுமேயும் கரத் காஸ்கெலும் 2007 இல் காட்டியிருக்கிறார்கள்.

எழுத்து எந்த மொழியில் இருக்கவேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக நின்றேன். நெதர்லாந்தில் ஹோல்கர் மிட்டரரும் ஜேம்ஸ் மக்வீனும் 2009 இல், ஆங்கிலம் தெரிந்த டச்சுக்காரர்களுக்குப் பழக்கமில்லாத ஸ்கொட்லாந்து, அவுஸ்திரேலிய உச்சரிப்புகளைக் கேட்க வைத்தார்கள். ஆங்கில எழுத்தோடு பார்த்தவர்கள் அதே ஆட்களின் புதிய வாக்கியங்களை நன்றாகப் பிடித்தார்கள். டச்சு எழுத்தோடு பார்த்தவர்களுக்கோ அது தடையானது. காது ஓர் ஒலியைக் கேட்க, கண் வேறொரு மொழியின் ஒலியை உள்ளே எழுப்பிவிடுகிறது. கேட்கும் மொழியே எழுத்திலும் இருந்தால், இந்த ஒலிக்கு இந்த எழுத்து என்று கண் காதுக்குச் சொல்லிக்கொடுக்கும். ஒன்றைக் கவனிக்கவேண்டும்: குரல் மாற்றிய படங்களில் பேச்சும் கீழே வரும் எழுத்தும் பல சமயம் வேறு வேறு ஆட்கள் தனித்தனியே மொழிபெயர்த்தவை, ஒன்றோடொன்று பொருந்தாது. ஸ்பானியத்திலேயே எடுத்த நாடகம்தான் வேண்டும்.

தமிழ்க் காதுக்கு இந்த மொழியில் நல்ல வாய்ப்பு இருக்கிறது என்பதை மனதார நம்புகிறேன். ஸ்பானிய உயிரொலிகள் ஐந்து: ஆ, ஏ, ஈ, ஓ, ஊ. எல்லாமே நம்மிடம் உள்ளவை. அவர்களுடைய ப, த, க மூச்சை ஊதாமல் வருபவை, நம்முடையதைப் போலவே. த பல்லில் நாக்கு படுவது. அவர்கள் d, g என்று எழுதும் ஒலிகள் உயிருக்கு நடுவே வந்தால், ‘அது’, ‘அகம்’ என்பவற்றில் த, க மெலிவதுபோல அங்கேயும் மெலியும். ‘நாதா’ என்றால் ‘ஒன்றுமில்லை’, அதில் வரும் த அப்படியே நம் ‘அது’வின் த. ஞ-வுக்குத் தனி எழுத்தே வைத்திருக்கிறார்கள். ஆப்லோ என்றால் பேசுகிறேன், ஆப்லாஸ் என்றால் பேசுகிறாய். வினையின் வாலிலேயே ஆள் தெரிந்துவிடுவதால் நான், நீ என்று சொல்லத் தேவையில்லை. தூ என்றால் நீ, உஸ்தெத் என்றால் நீங்கள். ஆங்கிலம் வழியாகப் போய் இதைக் கற்கிறவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் இடங்களில் நாம் நடந்தே கடந்துவிடலாம்.

ஆனால் படம் கொடுக்காதது ஒன்று உண்டு. என் அம்மா பல வருடமாகச் சிங்கள நாடகம் பார்க்கிறார். கதையில் யார் யாரை ஏமாற்றினார்கள் என்று அவரிடம் கேட்டால் ஒன்று விடாமல் சொல்வார். பண்டாரவளைச் சந்தையில் சிங்களத்தில் ஒரு விலை கேட்கச் சொன்னால் என் கையைப் பிடித்துக்கொள்வார். கனடாவில் பிரெஞ்சு வழியில் படித்த, வீட்டில் ஆங்கிலம் பேசும் பிள்ளைகளிடமும் இதையே கண்டு மெரில் சுவெய்ன் 1985 இல் எழுதினார்: வருடக்கணக்கில் கேட்டு நன்றாக விளங்கிக்கொள்ளும் பிள்ளைகள் பேச்சில் தடுமாறுகிறார்கள். கேட்கும்போது பாதி விளங்கினாலே பொருளை எட்டிவிடலாம். பேசும்போது ஒவ்வொரு வாலையும் நாமே பொருத்தவேண்டும். நமக்கு எது தெரியாது என்பதே அப்போதுதான் வெளியே வருகிறது.

இதை அவன் ஒரு காலைச் சாப்பாட்டு நேரத்தில் தெரிந்துகொண்டான். விடுதி நாயைப் பார்த்து ஒரு விருந்தாளி தயங்கி நிற்க, பயப்படவேண்டாம், நாய் கடிக்காது என்று சொல்ல நினைத்து “பெரோ” என்று தொடங்கி, அடுத்த சொல் வராமல் நின்றுவிட்டான். அவரும் மிச்சத்துக்காகக் காத்துக்கொண்டே நின்றாராம். பெரோ என்றால் ‘ஆனால்’. நாய்க்கு நாக்கு நுனி பல தடவை அடித்து உருளவேண்டும், பெர்ரோ. நாம் பேச்சில் ர, ற வித்தியாசத்தைப் பெரும்பாலும் கைவிட்டவர்கள். அவன் அதுவரை பார்த்த காட்சிகளில் இரண்டும் அவனுக்கு ஒன்றாகத்தான் கேட்டிருக்கின்றன. அன்றிரவு புதுக் காட்சி எதையும் அவன் இறக்கவில்லை. பழைய காட்சிகளையே எடுத்து வைத்துக்கொண்டு, அந்த ர எங்கெங்கே உருளுகிறது என்று தேடித் தேடிக் கேட்டுக்கொண்டிருந்தான்.