வானம் பார்க்காத சம்பளம்

வாழப்பாடியிலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டிருக்கிறார்: "வெளிநாட்டில் சம்பளம் அதிகம், அதனால் போகிறார்கள். இதற்கு எதற்கு இத்தனை கோட்பாடுகள்?"

நல்ல கேள்வி. சம்பளம்தான் முழுக் காரணம் என்றால் சேலம் மாவட்டத்தின் பரம ஏழைகள்தான் முதலில் விமானம் ஏறியிருக்க வேண்டும். அப்படி நடப்பதில்லை. பாஸ்போர்ட், ஏஜென்ட் கமிஷன், டிக்கெட் என்று புறப்படவே பணம் வேண்டும். அதனால்தான் மிக ஏழை நாடுகளைவிட நடுத்தர வருமான நாடுகளிலிருந்து அதிகம் பேர் வெளியேறுகிறார்கள். அப்புறம், சம்பள வித்தியாசம் துளியும் குறையாதபோதே பலர் ஊர் திரும்பிவிடுகிறார்கள். ஐ.நா.வின் 2020 மதிப்பீட்டின்படி பிறந்த நாட்டை விட்டு வேறு நாட்டில் வாழ்பவர்கள் சுமார் 28 கோடி. நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லை!

1885இல் புவியியலாளர் ரேவன்ஸ்டைன் பிரிட்டனின் மக்கள்தொகைக் கணக்கை வைத்து, பெரும்பாலோர் பக்கத்து ஊர்களுக்கே இடம்பெயர்கிறார்கள் என்றார். 1966இல் மக்கள்தொகை ஆய்வாளர் எவரெட் லீ, இடப்பெயர்வுக்கு ஊரிலிருந்து தள்ளும் காரணங்கள், போகும் இடத்தில் இழுக்கும் காரணங்கள், நடுவே உள்ள தடைகள் என்று பிரித்தார். பஞ்சகாலச் சேலத்திலிருந்து கங்காணிகள் இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்ததை விளக்க இதுவே போதும். முன்னே போனவர் பின்னே வருபவருக்கு வழியமைக்கிறார் என்பது சமூகவியலாளர் டக்ளஸ் மாஸி விரிவாக ஆராய்ந்த விஷயம். வெளிநாட்டு யோகம் இருக்கிறதா என்று ஜோசியரிடம் காசைக் கொடுப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அங்கே மாமாவோ சித்தப்பாவோ இருக்கிறாரா என்ற தகவல் ஜாதகக் கட்டத்தைவிட எவ்வளவோ மேல்.

சரி, எனக்கு மிகவும் பிடித்த கோட்பாட்டுக்கு வருகிறேன். 1980களில் ஓடெட் ஸ்டார்க் முதலிய பொருளியலாளர்கள் முன்வைத்தது இது. போவதைத் தீர்மானிப்பது தனி ஆள் இல்லை, குடும்பம். அந்தக் குடும்பம் கூடுதல் வருமானத்தை மட்டும் தேடவில்லை. எல்லா வருமானமும் ஒரே சமயத்தில் நின்றுபோகாமல் இருக்கவும் வழி தேடுகிறது.

ஆத்தூர் பக்கம் இரண்டு ஏக்கரில் மரவள்ளி போட்ட ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மழை பொய்க்கிறது. கைமாற்று கேட்கப் பக்கத்து வீட்டுக்குப் போனால் அங்கும் மரவள்ளிதான், அங்கும் அதே வறட்சிதான். மச்சானுக்கு ஜவ்வரிசி ஆலையில் வேலை. கிழங்கு வராததால் ஆலையும் ஓடவில்லை. ஊருக்குள் எத்தனை பேர் சம்பாதித்தாலும் எல்லோருக்கும் ஒரே வானம். மூத்த மகன் சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருந்தால்? ஆத்தூர் மழைக்கும் அந்த வேலைக்கும் சம்பந்தமே இல்லை.

ஒரு சின்னக் கணக்கு. ஐந்து வருடத்தில் ஒரு வருடம் விளைச்சல் பொய்க்கும் என்று வைத்துக்கொள்வோம். மகனின் வேலையும் அதேபோல ஐந்தில் ஒரு வருடம் போய்விடும். இரண்டும் தொடர்பில்லாதவை என்றால், இரண்டும் சேர்ந்து கைவிடுவது சராசரியாக 25 வருடத்துக்கு ஒரு முறைதான். இந்தக் கணக்கில் சிங்கப்பூர்ச் சம்பளம் எவ்வளவு என்ற எண்ணே இல்லை என்பதைக் கவனியுங்கள்! தூரமே காப்பீடாகிவிடுகிறது.

இதற்கு ஆதாரம் இந்தியக் கிராமங்களிலிருந்தே கிடைத்தது. பொருளியலாளர் ரோசன்ஸ்வைக்கும் ஸ்டார்க்கும் 1989இல் வெளியிட்ட ஆய்வில், விவசாய வருமானம் அதிகம் ஏறி இறங்கும் குடும்பங்கள் பெண்களைத் தொலைவான ஊர்களில் கட்டிக்கொடுப்பது தெரியவந்தது. அப்படிக் கொடுத்த குடும்பங்களில் விளைச்சல் குறைந்த வருடத்திலும் சாப்பாட்டுச் செலவு அவ்வளவாகக் குறையவில்லை. நல்லது கெட்டதுக்குச் சம்பந்தி வீடு துணை நிற்கும் என்று நம் பெரியவர்கள் பேசிக்கொள்வதை எண்களில் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

இந்தக் கோட்பாடு சரியென்றால், பயிர் பொய்த்த அதே பருவத்தில் காப்பீட்டுத் தொகை கைக்கு வந்தாலே ஆத்தூரிலிருந்து வெளிநாடு போகிறவர்கள் குறையலாம். அதே பணம் சில வீடுகளில் டிக்கெட் காசாகவும் மாறலாம். சேலத்தில் எது நடக்கும் என்பதை, அதே குடும்பங்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தால்தான் சொல்ல முடியும். கேரளம் 1998 முதல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இடப்பெயர்வுக் கணக்கெடுப்பு நடத்துகிறது. தமிழ்நாட்டில் 2015இல் ஒன்று நடந்தது. அதைத் தொடர் கணக்கெடுப்பாக்க அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பெரியார் பல்கலைக்கழகம் சேலத்திலேயே இருக்கிறது. அதன் மாணவர்களைக் கொண்டு ஆத்தூரிலும் ஏற்காட்டு மலைக் கிராமங்களிலும் இந்த வேலையைத் தொடங்கலாம்.