புல்வெட்டி இழுக்கவில்லையா? முதலில் சைலன்சரைக் கழற்றிப் பாருங்கள்

மாரி மழை ஓய்ந்து தை பிறந்தால் யாழ்ப்பாணத்தில் என் கராஜ் வாசலில் புல்வெட்டி மெஷின்கள் வரிசைக்கு நிற்கும். வளவெங்கும் புல்லும் பாதீனியமும் இடுப்பளவுக்கு எழும்பியிருக்கும். மூலையில் கிடந்த மெஷினை எடுத்துக் கயிற்றை இழுத்தால் ஸ்டார்ட் ஆகிவிடும். புல்லில் வைத்ததும் முனகிக்கொண்டு நின்றுவிடும்.

இந்த முறை கோண்டாவிலிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வந்தார். பிஸ்டனும் சிலிண்டரும் தேய்ந்துவிட்டன, இரண்டையும் மாற்ற வேண்டும் என்று வேறோரிடத்தில் கணக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். நான் சைலன்சரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். அதன் வாயிலுள்ள சின்னக் கம்பிவலை தார் பூசினதுபோல அடைத்துக் கிடந்தது. சிலிண்டரிலிருந்து புகை வெளியேறும் துவாரத்திலும் பாதிக்குமேல் காபன், அதாவது படிந்த கரி. புகை வெளியே போக வழியில்லாவிட்டால் புதுக் காற்றும் பெற்றோலும் உள்ளே வர இடமில்லை. அவருடைய எஞ்சின் தேயவில்லை, மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. ஒரு மணித்தியால வேலை. புதிதாகப் போட்டது ஒரு ஸ்பார்க் பிளக்கும் சைலன்சர் கஸ்கெட்டும் மட்டும்.

"ஐயா, ஒயில் எவ்வளவு கலக்கிறனீங்கள்?" என்று கேட்டேன்.

"அளவெண்டு இல்லைத் தம்பி, நிறம் மாறுமட்டும் விடுவன். கூட விட்டா எஞ்சினுக்கு நல்லதெல்லோ?"

இந்த எண்ணம்தான் நம் ஊரில் பல மெஷின்களைக் கெடுக்கிறது. புல்வெட்டியில் இருக்கிற டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒயில் பெற்றோலோடு சேர்ந்து உள்ளே போய் எரிய வேண்டும். கூடுதலாக விட்ட ஒயில் முழுதாக எரியாமல் பிஸ்டன் தலையிலும் புகைத் துவாரத்திலும் கரியாகப் படியும். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் றிங்குகள் தங்கள் காடியிலேயே ஒட்டிக்கொள்ளும். காபன் துண்டு உடைந்து பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே சிக்கினால் சிலிண்டர் கீறுப்படும். அதன்பிறகு உண்மையாகவே மாற்றத்தான் வேண்டும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒயில் கூடினால் அந்த அளவுக்குப் பெற்றோல் குறைகிறது. அதனால் எஞ்சின் சூடாவதும் கூடும்.

மெஷினின் கைநூலில் 50:1 என்று இருந்தால் ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 20 மில்லிலீற்றர் ஒயில். 25:1 என்றால் 40. மருந்துக்கடையில் ஒரு சிரிஞ்ச் வாங்கி வைத்தால் போதும், கண்மட்டம் பார்க்க வேண்டியதில்லை. ஒயில் போத்தலில் ஜப்பானியத் தரக்குறியான ஜாசோ எஃப்டி, இல்லாவிட்டால் எஃப்சி என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். கரையோர ஊர்களிலிருந்து வருபவர்கள் வள்ளத்து எஞ்சினுக்கு வாங்கிய ஒயிலையே புல்வெட்டிக்கும் விடுகிறார்கள். அது தண்ணீரால் குளிர்கிற எஞ்சினுக்குச் செய்த ஒயில். புல்வெட்டி காற்றால் குளிர்வது, சூடும் அதிகம். அந்தச் சூட்டுக்கு அது சரிவராது. காரிலிருந்து வடித்த பழைய ஒயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

மண்ணெண்ணெய் கலக்கிறவர்களும் இருக்கிறார்கள். 1990-களில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் இல்லாமல், மோட்டார் சைக்கிளையும் இறைப்பு மெஷினையும் மண்ணெண்ணெயில் ஓட்டிய ஊர் இது. வேறு வழியில்லாமல் செய்தோம், அடிக்கடி திறந்து காபன் சுரண்டவும் வேண்டியிருந்தது. இன்று அந்தக் கட்டாயம் இல்லையே. வலிகாமத்துச் செம்மண் தூசி எயார் பில்டரை அடைப்பதும் காபனுக்கு ஒரு காரணம். காற்றுக் குறைந்தால் பெற்றோல் சரியாக எரியாது.

சரி, வீட்டில் செய்யக்கூடியது என்ன? எஞ்சின் நன்றாக ஆறியபிறகு பெற்றோலை வடித்துவிட்டு, பிளக் வயரைக் கழற்றி, சைலன்சரை எடுங்கள். பிளக்கையும் எடுத்துவிட்டுக் கயிற்றை மெல்ல இழுத்தால் புகைத் துவாரத்தைப் பிஸ்டன் பக்கவாட்டில் மூடுகிற இடம் தெரியும். அங்கே நிறுத்துங்கள், அப்போதுதான் சுரண்டுகிற கரி உள்ளே விழாது. சுரண்டுவதற்கு மூங்கில் சிலாகையோ பழைய பிளாஸ்டிக் அட்டையோ போதும். ஸ்குறூ டிறைவர் வேண்டவே வேண்டாம்: பிஸ்டன் அலுமினியம், ஒரு கீறல் விழுந்தாலே கெடுதி. முடிந்ததும் பிளக் இல்லாமலே ஐந்தாறு தரம் வேகமாக இழுத்தால் மிச்சத் தூள் வெளியே வந்துவிடும். கம்பிவலையைப் பித்தளைப் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். ஓட்டை விழுந்திருந்தால் புதிது போடுங்கள். வலை இல்லாமல் ஓட்டினால் காய்ந்த புல்லில் தீப்பொறி விழும்.

காஸ்டிக் சோடாவில் ஊறவைத்தால் கரி கழன்றுவிடும் என்று சொல்வார்கள். கரி கழலும்தான், ஆனால் அலுமினியத்தையும் அது தின்றுவிடும். நுரைத்து வருவது தீப்பற்றும் வாயு. கரியை எடுக்கவென்று ஓடுகிற எஞ்சினுக்குள் தண்ணீர் தெளிப்பதும் இப்படித்தான் கெடுதி. தண்ணீரை அமுக்க முடியாது. இந்தச் சிறிய எஞ்சினில் கொஞ்சம் கூடிப் போனாலே பிஸ்டனோடு இணைந்த கொனெக்டிங் றொட் வளைந்துவிடும்.

தோட்டத்து வோட்டர் பம்ப், லான்ட் மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு மெஷின்) போன்ற ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின்களுக்குச் சிலிண்டர் தலையைக் கழற்ற வேண்டிவரும். வால்வு இருக்கை, புது ஹெட் கஸ்கெட், போல்ட்டுகளைக் குறுக்குமாறாக அளவான இறுக்கத்தில் பூட்டுவது என்று அதில் கவனம் நிறைய வேண்டும், பழக்கமில்லாதவர்கள் தொடாதீர்கள். நிறுத்தின பிறகும் பெற்றோல் எஞ்சின் இரண்டு மூன்று சுற்று இடித்துக்கொண்டு ஓடினால், உள்ளே காபன் தணலாகக் கனன்றுகொண்டிருக்கலாம். அப்போது தாமதிக்காமல் கொண்டுவாருங்கள்.

புல்வெட்டியைத் துப்புரவாக்கிப் பூட்டிய பிறகு முதல் சில நிமிடம் கரித்தூளோடு புகை வரும், பயப்பட வேண்டாம். அதற்குப் பிறகும் இழுவை இல்லாமல், ஸ்டார்ட் கயிறும் கைக்குத் தொய்வாகத் தெரிந்தால் றிங் ஒட்டியிருக்கக்கூடும். அதைத் திறந்து பார்த்தபிறகுதான் சிலிண்டர் மாற்றுவதைப் பற்றிப் பேசலாம்.