சிக்னலுக்காக இன்னொரு ரவுட்டர் மாட்டும் முன்

"நெட் வரல சார், ஆனா வைஃபை ஃபுல்லா இருக்கு." நெட்வொர்க் சர்வீஸ் செய்யும் எனக்கு இப்படி போன் வந்தால், நான் முதலில் கேட்பது, "புதிதாக ரவுட்டர் ஏதாவது மாட்டினீர்களா?" என்றுதான். கொஞ்சம் தயங்குவார்கள். அப்புறம், உள் ரூமில் சிக்னல் இல்லை, வீட்டில் சும்மா கிடந்த பழைய ரவுட்டரைக் கொண்டுவந்து மாட்டினோம் என்பார்கள்.

போன வாரம் ஒரு ரத்தப் பரிசோதனை லேப்பிலும் இதே கதை. காலை நேரம். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வந்தவர்கள், பெரும்பாலும் வயதானவர்கள், பில் போட முடியாமல் பெஞ்சில் காத்திருக்கிறார்கள். அதைப் பார்த்ததும்தான் இதை எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றியது.

அந்த லேப்பில் எல்லா கம்ப்யூட்டரும் 192.168.10 என்று தொடங்கும் ஐபி முகவரியில், அதாவது நெட்வொர்க்கில் அதை அடையாளம் காட்டும் எண்ணில், இருக்க வேண்டும். ரிசப்ஷன் கம்ப்யூட்டரில் பார்த்தால் 192.168.0.105. கேட்வே, அதாவது வெளியே போகும் வாசல், 192.168.0.1. அப்படி ஒரு கேட்வேயை நாங்கள் யாரும் வைக்கவில்லை. கேபிளைப் பிடித்துக்கொண்டே போனால், கணக்குப் பார்ப்பவரின் மேசைக்கு அடியில் தூசி படிந்த ஒரு ரவுட்டர். சுவரிலிருந்து வரும் கேபிள் அதன் லான் போர்ட்டில், அதாவது உள் கம்ப்யூட்டர்களுக்கான ஓட்டையில், செருகியிருந்தது. இன்டர்நெட் வரும் கேபிளுக்கான வான் போர்ட் காலி.

இங்கேதான் எனக்குப் பொறுமை போகிறது. ரவுட்டர் என்றால் சிக்னல் கொடுக்கும் பெட்டி என்றுதான் முக்கால்வாசிப் பேர் நினைக்கிறார்கள். கடையில் கேட்டாலும் அப்படியே சொல்லி விற்கிறார்கள். வைஃபை அந்தப் பெட்டி செய்யும் வேலைகளில் ஒன்று, அவ்வளவுதான். உங்கள் போனுக்கும் பெட்டிக்கும் நடுவிலுள்ள கேபிளை அது மிச்சப்படுத்துகிறது. ஃபுல் சிக்னல் என்றால் பெட்டி பக்கத்தில் இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். பெட்டிக்குப் பின்னால் இன்டர்நெட் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. அதே பெட்டிக்குள் கேபிள்களை ஒன்றோடொன்று இணைக்கும் ஒரு ஸ்விட்ச் இருக்கிறது, வெளியே போகும் பாக்கெட்டுகளுக்கு, அதாவது தகவல் துண்டுகளுக்கு, முகவரி மாற்றும் நேட் இருக்கிறது, எல்லாவற்றுக்கும் மேலாக, கேட்பவருக்கெல்லாம் ஐபி முகவரி கொடுக்கும் டிஎச்சிபி சர்வர் இருக்கிறது. கம்பெனியிலிருந்து வரும்போதே அது ஆன் செய்யப்பட்டுத்தான் வரும். நீங்கள் சிக்னலுக்காகச் செருகினாலும், அது முகவரி கொடுக்கும் வேலையையும் சேர்த்தே தொடங்கிவிடும்.

ஒரே ஆஸ்பத்திரியில் இரண்டு பேர் தனித்தனி டோக்கன் கட்டு வைத்துக்கொண்டு கொடுத்தால் எப்படியிருக்கும்? அதேதான் நடந்தது. காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் அது "எனக்கு முகவரி கொடுங்கள்" என்று நெட்வொர்க் முழுக்கக் கேட்கும். எந்தப் பதில் முந்தி வருகிறதோ, பெரும்பாலும் அதையே எடுத்துக்கொள்ளும். பதில் சொன்னவர் யார் என்று விசாரிக்கும் வழக்கம் டிஎச்சிபியில் இல்லை. அதனால்தான் சில கம்ப்யூட்டர்கள் ஒழுங்காக ஓடின, சில ஓடவில்லை. முந்தின நாள் சாயங்காலம் மாட்டும்போது எல்லாம் ஏற்கெனவே வாங்கிய முகவரியில் ஓடிக்கொண்டிருந்தன, அதனால்தான் எந்தப் பிரச்சினையும் தெரியவில்லை. (செட்டிங்ஸ் மாற்றக்கூடிய மேனேஜ்டு ஸ்விட்ச் இருந்தால், வேறு பெட்டி முகவரி கொடுப்பதை மறிக்கும் டிஎச்சிபி ஸ்னூப்பிங் போட்டு இதைத் தடுத்துவிடலாம். சின்ன இடங்களில் அதற்குப் பணம் ஒதுக்கச் சொன்னால் கேட்பதில்லை.)

முகவரி தப்பாக வந்தால் வழியும் தப்பும். ரிப்போர்ட் சர்வர் 192.168.10.20, அதே ஸ்விட்சில், நாலடி தூரத்தில் இருக்கிறது. ஆனால் ரிசப்ஷன் கம்ப்யூட்டர் தன் முகவரியையும் 255.255.255.0 என்ற மாஸ்க்கையும் (முகவரியில் எதுவரை பொருந்த வேண்டும் என்று சொல்லும் எண்) வைத்துக் கணக்குப் போடுகிறது: 192.168.0 வரை பொருந்தினால் நம் ஆள், நேராகக் கொடுக்கலாம். பொருந்தாவிட்டால் வெளி ஆள், கேட்வேயிடம் கொடுக்க வேண்டும். நாலடியில் இருக்கும் சர்வர் வெளி ஆளாகிவிட்டது. பாக்கெட் மேசைக்கு அடியில் இருந்த ரவுட்டருக்குப் போனது. அதற்கு வெளியே போக வழியே இல்லை, வான் போர்ட்தான் காலியாயிற்றே. பாக்கெட் அங்கேயே செத்தது.

இதோடு முடியவில்லை. நான் போவதற்குள் யாரோ ஃபைபர் மோடத்தின் பின்னால் இருக்கும் சின்ன ஓட்டையில் குண்டூசியை விட்டு ரீசெட் செய்துவிட்டார்கள். யூசர்நேம், பாஸ்வேர்டு, இணைப்புக்கான விலான் எண் எல்லாம் அழிந்துபோய், ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர்களும் நின்றன. ஆஃப் செய்து ஆன் செய்வது வேறு, ரீசெட் வேறு. தயவுசெய்து அந்த ஓட்டைப் பக்கம் போகாதீர்கள்.

பதில் சொன்னவரை அப்படியே நம்புவது சின்ன ஆபீஸ் நெட்வொர்க்கின் குறை மட்டும் கிடையாது. 2008 பிப்ரவரி 24 அன்று பாகிஸ்தான் டெலிகாம், தன் நாட்டுக்குள் யூடியூபைத் தடுப்பதற்காக 208.65.153.0/24 என்ற முகவரித் தொகுதிக்குத் தானே வழி என்று ஒரு ரூட்டை அறிவித்தது. அது ஹாங்காங்கின் பிசிசிடபிள்யூ என்ற டெலிகாம் கம்பெனி வழியாக உலகத்துக்கே கசிந்தது. யூடியூப் அறிவித்திருந்தது /22, அதாவது அதைவிடப் பெரிய தொகுதி. இரண்டு ரூட் இருந்தால் எது சின்னத் தொகுதிக்கானதோ அதையே ரவுட்டர்கள் எடுத்துக்கொள்ளும். உலகத்தின் பல பாகங்களில் யூடியூப் சுமார் இரண்டு மணி நேரம் கிடைக்கவில்லை. நெட்வொர்க்குகள் ஒன்றுக்கொன்று வழி சொல்லி இன்டர்நெட்டை இணைக்கும் பிஜிபி என்ற முறையும் அன்று சொன்னதை நம்பியது. இப்போது ஆர்பிகேஐ என்ற சான்றிதழ் முறை மூலம் யாருக்கு எந்த முகவரி சொந்தம் என்று சரிபார்க்கும் வழக்கம் பரவி வருகிறது. உங்கள் மேசைக்கு அடியில் அப்படிச் சரிபார்க்க யாரும் இல்லை.

சரி, உள் ரூமில் சிக்னல் வேண்டும்தான். ரவுட்டரின் செட்டிங்ஸில் ஆக்சஸ் பாயின்ட் மோட் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதற்கு மாற்றுங்கள், முகவரி கொடுக்கும் வேலையை நிறுத்திவிட்டு வைஃபை மட்டும் கொடுக்கும். இல்லையென்றால், நெட்வொர்க்கில் செருகும் முன்பே ஒரு லேப்டாப்பில் தனியாக இணைத்து டிஎச்சிபியை ஆஃப் செய்யுங்கள், அதன் சொந்த முகவரியையும் மெயின் நெட்வொர்க்கில் யாருக்கும் கொடுக்காத ஒரு எண்ணாக மாற்றுங்கள். அப்புறம் லான் போர்ட்டில் செருகலாம். வான் போர்ட்டில் செருகினால் நெட் வரக்கூடும். ஆனால் அந்தப் பக்கம் தனி நெட்வொர்க் ஆகிவிடும், அங்கே வைத்த பிரிண்டரை இந்தப் பக்கக் கம்ப்யூட்டர்கள் கண்டுபிடிக்காது.

பழைய ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டை மாற்றாமல் மாட்டவே மாட்டாதீர்கள். 2016இல் மிராய் என்ற மால்வேர் கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது, கம்பெனி போட்டுக் கொடுத்த பாஸ்வேர்டுகளை வரிசையாகப் போட்டுப் பார்த்துத்தான்.

எல்லாம் நன்றாக ஓடும் ஒரு நாளில் விண்டோஸ் கமாண்ட் ப்ராம்ப்டில் ஐபிகான்ஃபிக் (ipconfig) என்ற கட்டளையை ஆங்கிலத்தில் அடித்து, ஐபி முகவரியையும் கேட்வேயையும் தாளில் எழுதி மோடத்துக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். நெட் போனால் மறுபடி அதையே பாருங்கள். 169.254 என்று தொடங்கினால் முகவரி கொடுக்க யாருமே பதில் சொல்லவில்லை. கேபிளையும் மெயின் ரவுட்டரையும் பாருங்கள். கேட்வே மாறியிருந்தால் புதிதாக மாட்டிய பெட்டியை முதலில் கழற்றுங்கள், கம்ப்யூட்டரை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். இரண்டும் இல்லை என்றால் எனக்கோ உங்கள் சர்வீஸ் ஆளுக்கோ போன் செய்து, முதலில் அந்த இரண்டு எண்களைச் சொல்லுங்கள். வைஃபை எத்தனை கோடு காட்டுகிறது என்பதை அப்புறம் சொல்லலாம்.