மனநல வார்டு மரணங்கள்: விசாரணை எங்கே தேங்குகிறது?

2023 ஜனவரியில், இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் மனநல வார்டு மரணங்களை விசாரித்துவந்த டாக்டர் ஜெரால்டின் ஸ்ட்ராத்டீ ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். ஏறத்தாழ 14,000 ஊழியர்களுக்குத் தகவல் அனுப்பியும் நேரில் வந்து பேசச் சம்மதித்தவர்கள் 11 பேர்தான் என்றார். சுமார் 2,000 மரணங்களை ஆராய வேண்டிய விசாரணை, அறிவிக்கப்பட்டு இரண்டு ஆண்டு கழித்தும் அந்த இடத்தில்தான் நின்றது.

காரணம் எளிது. 2021இல் அறிவிக்கும்போதே அதற்குச் சட்ட அதிகாரம் தரவில்லை. யாரையும் சம்மன் அனுப்பி வரவழைக்க முடியாது, கோப்பைக் கொடு என்று கட்டாயப்படுத்தவும் முடியாது. வராத ஊழியர்கள் எல்லாரும் எதையோ மறைத்தார்கள் என்று சொல்லிவிடக் கூடாது. பேசினால் பதிவு உரிமம் போய்விடுமோ, மேலதிகாரி பழிவாங்குவாரோ என்ற பயம் உண்மையானது. சட்டம் கூப்பிட்டால் அந்தப் பயத்துக்கு ஒரு மறுமொழி கிடைக்கிறது: "நானாக வரவில்லை, அழைத்ததால் வந்தேன்."

இறந்தவர்களின் குடும்பங்கள் விடாமல் போராடியதால் 2023 ஜூனில் அரசு எசெக்ஸ் விசாரணையை 2005ஆம் ஆண்டு விசாரணைச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. கேட் லாம்பார்ட் தலைமை ஏற்றார். இப்போது சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி நோட்டீஸ் போனால் சாட்சியும் ஆவணமும் வந்தாக வேண்டும். தக்க காரணமின்றி மறுப்பது குற்றம். 2024 செப்டம்பரில் செம்ஸ்ஃபோர்டில் பொது அமர்வுகள் தொடங்கின. 2000 முதல் 2023 முடிய நடந்த மரணங்கள் வரம்புக்குள் வருகின்றன. டிஸ்சார்ஜ் ஆகி மூன்று மாதத்துக்குள் இறந்தவர்களும் இதில் அடக்கம். இதைச் சேர்த்தது மிகச் சரி. வார்டை விட்டு வெளியே வந்த முதல் ஒன்றிரண்டு வாரங்கள்தான் மிகவும் ஆபத்தானவை. வார்டுக்குள் நடந்ததை மட்டும் எண்ணினால் அந்த மரணங்கள் கணக்கிலேயே வராது.

இத்தகைய விசாரணையில் அதிகம் பேசுவது காகிதம்தான், குறிப்பாக இரவு நேரக் கண்காணிப்புத் தாள். 15 நிமிடத்துக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டிய நோயாளி என்றால் ஒரு மணி நேரத்தில் குறைந்தது நான்கு பதிவு இருக்கும். அவை 2.00, 2.15, 2.30, 2.45 என்று விடியும்வரை பிசகாமல் ஓடினால் அங்கே நிறுத்திப் பாருங்கள். பத்து அறை சுற்றிவரும் நர்ஸ் ஒவ்வொரு முறையும் அதே நிமிடத்தில் அதே கதவின் முன் நிற்க முடியாது. இடைவெளி சீராக இருக்கவே கூடாது என்றுதான் பயிற்சியிலும் சொல்லித்தருகிறார்கள். அடுத்த சுற்று எப்போது என்று நோயாளி கணித்துவிட்டால் கண்காணிப்பின் பயன் போய்விடும். நேரில் பார்த்து எழுதிய தாளில் 2.04, 2.17, 2.26 என்று இருக்கும். "சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார், மூச்சு சீராக இருக்கிறது" என்று இருக்கும். பிறகு உட்கார்ந்து நிரப்பிய தாளில் "தூங்குகிறார்" என்ற ஒரே சொல் மேலிருந்து கீழ்வரை இறங்கும்.

அப்படி நிரப்பிய ஊழியர் மீது நடவடிக்கை எடுத்துக் கோப்பை மூடிவிடுவது நிர்வாகத்துக்கு வசதி. அன்றிரவு பணியில் எத்தனை பேர் இருந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் ஏஜென்சி மூலம் அன்றுதான் வந்தவர்கள், இடைவேளை இல்லாமல் ஒருவரே எவ்வளவு நேரம் சுற்றினார் என்ற கேள்விகளுக்குப் பதில் பணிப் பட்டியலில் இருக்கிறது. தாளையும் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் தவறு எங்கே தொடங்கியது என்று தெரியும்.

ஆகவே ஆவணம் கேட்கும் குடும்பங்கள் "மருத்துவப் பதிவு வேண்டும்" என்று பொதுவாக எழுத வேண்டாம். அப்படிக் கேட்டால் சுருக்கம் மட்டுமே கைக்கு வரக்கூடும். தினசரிக் குறிப்பு, கண்காணிப்புத் தாள், ஆபத்து மதிப்பீடு, மருந்து அட்டை, வெளியே செல்ல அனுமதித்த படிவம், டிஸ்சார்ஜ் திட்டம், மருத்துவமனையின் உள்விசாரணை அறிக்கை என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். கணினிப் பதிவாக இருந்தால் எந்த வரியை யார், எப்போது உள்ளிட்டார் என்ற தணிக்கைத் தடமும் வேண்டும் என்று சேர்த்து எழுதுங்கள். இரவு 2 மணிப் பதிவைக் காலை 7 மணிக்கு உள்ளிட்டிருந்தால் அந்தத் தடம் காட்டிக்கொடுத்துவிடும். இங்கிலாந்தில் இறந்தவரின் பதிவுகளை 1990ஆம் ஆண்டு மருத்துவப் பதிவுகள் அணுகல் சட்டத்தின்படி அவருடைய சட்டப் பிரதிநிதியோ (உயிலை நிறைவேற்றுபவர் போன்றவர்), மரணம் தொடர்பாக உரிமை கோரக்கூடியவரோ கேட்கலாம். வாக்குமூலம் எழுதும்போது நேரில் பார்த்ததையும் பிறர் சொல்லிக் கேட்டதையும் தனித்தனிப் பத்தியில் வையுங்கள். தேதி நினைவில்லை என்றால் "மார்ச் நடுவில்" என்று எழுதுவதே நல்லது. ஊகித்து எழுதிய ஒரு தேதி தவறாகிவிட்டால் மற்ற வரிகளையும் சந்தேகிப்பார்கள்.

அறிக்கை வந்த பிறகும் தேக்கம் உண்டு. ஸ்காட்லாந்தின் டேசைட் பகுதியில் மனநலச் சேவைகள் பற்றி டேவிட் ஸ்ட்ராங் தலைமையில் நடந்த விசாரணை 2020 பிப்ரவரியில் 51 பரிந்துரைகளுடன் முடிந்தது. அவரே 2021 ஜூலையில் முன்னேற்ற அறிக்கை வெளியிட்டபோது போக வேண்டிய தூரம் இன்னும் அதிகம் என்றே சொல்ல வேண்டியிருந்தது. அதன் பிறகு அரசு மூன்று பேர் கொண்ட மேற்பார்வைக் குழுவை அமைத்தது. அதன் இறுதி அறிக்கை வர 2023 ஜனவரி ஆயிற்று.

பரிந்துரைகள் எப்படி "நிறைவேறிவிடுகின்றன" என்பதைக் கவனிக்க வேண்டும். டிஸ்சார்ஜுக்கு முன் குடும்பத்திடம் பேச வேண்டும் என்பது பரிந்துரை என்று வைத்துக்கொள்வோம். படிவத்தில் புதிய கட்டம் சேர்க்கிறார்கள், ஊழியர்களுக்கு அரை நாள் பயிற்சி தருகிறார்கள், முன்னேற்ற அட்டவணையில் "முடிந்தது" என்று பச்சை நிறம் ஏறுகிறது. குடும்பத்திடம் யாராவது பேசினார்களா என்று அந்தப் பச்சையைப் பார்த்துச் சொல்ல முடியாது. சென்ற மாதம் வீட்டுக்கு அனுப்பிய 20 பேரின் கோப்பை எடுத்து, எந்தத் தேதியில் யாரிடம் பேசினார்கள் என்று பார்த்து, அவர்களில் சிலரை அழைத்துக் கேட்டால்தான் தெரியும். இதற்கு ஒரு மதிய நேரம் போதும்.

பிரிட்டனில் அரசு மருத்துவச் சேவையை நடத்தும் நிர்வாக வாரியங்கள் தங்கள் கூட்டத்தின் ஒரு பகுதியைப் பொதுமக்கள் முன்னால் நடத்துகின்றன. பல இடங்களில் முன்கூட்டியே கேள்வி அனுப்பலாம். "பரிந்துரை நிறைவேறியதா" என்று கேட்டால் "ஆம்" என்று முடித்துவிடுவார்கள். "கடைசியாக எத்தனை கோப்புகளைப் பார்த்தீர்கள், பார்த்தது யார், எத்தனையில் தவறியிருந்தது?" என்று எழுத்தில் கேளுங்கள். வரும் பதிலைக் கூட்டக் குறிப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்தில் அதை வைத்தே மீண்டும் கேட்கலாம்.