கிளர்வூட்டிய கரி: சொல்லும் பொருளும்

பாகான் டத்தோ, ஊத்தான் மெலிந்தாங் பக்கத்துக் கடைகளில் தண்ணீர் வடிகட்டி வாங்கினால், பெட்டியின்மேல் ‘கார்பன் தெராக்திஃப்’ என்று மலாயில் போட்டிருக்கும். ஆங்கிலத்தில் ‘ஆக்டிவேட்டட் கார்பன்’. அதைத் தமிழில் எழுத வரும்போது நம்மவர்கள் ‘செயல்படுத்தப்பட்ட கார்பன்’ என்கிறார்கள். ஏதோ விசையைத் தட்டி ஓடவிட்டதுபோல் இருக்கிறது. வடிகட்டிக்குள் இருக்கும் அந்தக் கரிக்கு உண்மையில் என்ன செய்கிறார்கள் என்று தெரிந்தால், நல்ல சொல் தானாகவே கிடைக்கும்.

கார்பன் என்பதன் வேர், லத்தீனில் அடுப்புக்கரியைக் குறிக்கும் ‘கார்போ’. 1787இல் பிரெஞ்சு வேதியியலார் தனிமங்களுக்குப் பெயர் ஒழுங்கு செய்தபோது அதைத் தனிமத்தின் பெயராக்கினார்கள். கரைசலில் உள்ள நிறத்தைக் கரி பிடித்துக்கொள்ளும் என்பதை அதற்கு முன்பே, 1785இல், லோவிட்ஸ் என்ற வேதியியலார் கண்டிருந்தார். சாதாரண மரக்கரிக்கே இந்தக் குணம் கொஞ்சம் உண்டு. அதைப் பல மடங்காக்கும் வேலைக்குத்தான் ‘ஆக்டிவேஷன்’ என்று பெயர். 1900ஐ ஒட்டி ஆஸ்ட்ரெய்கோ என்ற வேதியியலார் பெற்ற காப்புரிமைகளில், இன்றைய இரண்டு வழிகளின் தொடக்கத்தையும் பார்க்கலாம்.

முதலாவது, இயற்பியல் முறை. சிரட்டையையோ செம்பனைக் கொட்டை ஓட்டையோ காற்றுப் புகாமல் சுட்டுக் கரியாக்க வேண்டும். கோலா செபெத்தாங்கில் பாக்காவ் என்னும் சதுப்புநில மரத்தைச் சூளையில் அடைத்துச் சுடுகிறார்களே, அந்தக் கட்டம் வரை இரண்டும் ஒரே தொழில்தான். அப்புறம்தான் வேறுபாடு. அந்தக் கரியை 800 முதல் 1000 பாகை செல்சியஸ் வரை சூடாக்கி, நீராவியையோ கரியமில வாயுவையோ செலுத்துகிறார்கள். நீராவி கரியோடு வினைபுரிந்து கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனுமாக வெளியேறும். போகிற போக்கில் கரியை உள்ளுக்குள் அரித்துவிட்டுப் போகும். அடைபட்ட துளைகள் திறக்கும், புதிய துளைகள் பிறக்கும், எடை குறையும். ஆக, இங்கே எதையும் சேர்க்கவில்லை, எடுத்துவிடுகிறார்கள். அந்த வெற்றிடம்தான் சரக்கு.

இரண்டாவது, வேதி முறை. மரத்தூள், ஓட்டுத்தூள் போன்றவற்றைக் கரியாக்கும் முன்பே பாஸ்பாரிக் அமிலத்திலோ துத்தநாகக் குளோரைடிலோ ஊறவைத்துவிட்டுச் சுடுகிறார்கள். கரியாவதும் துளைபடுவதும் ஒரே சூட்டில் முடிந்துவிடும். பாஸ்பாரிக் அமிலத்துக்கு 400 முதல் 600 பாகை போதும். அமிலம் பொருளிலிருந்து நீரைப் பிரித்தெடுத்து, தார் அதிகம் உருவாகாமல் தடுப்பதால் கரி கூடுதலாகத் தங்கும். ஆனால் கடைசியில் நன்றாகக் கழுவியாக வேண்டும். குறைந்த சூடே போதும் என்றாலும், கழுவிய நீரை என்ன செய்வது என்ற தலைவலி கூடவே வரும். துத்தநாகக் குளோரைடு பின்னுக்குப் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்படி வந்த கரியில் ஒரு கிராமின் உட்பரப்பு 1000 சதுர மீட்டரைத் தொடும். பன்னிரண்டு பூப்பந்துத் திடல்களின் அளவு அது. பழைய வடிகட்டியை உடைத்து, உள்ளே இருக்கும் குருணையை நன்றாகக் காயவைத்துத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். மெல்லச் சீறிக்கொண்டு குமிழ் கிளம்பும். துளைக்குள் இருந்த காற்று அது. சிரட்டைக் கரியில் 2 நானோமீட்டருக்கும் குறைந்த நுண்துளைகளே மிகுதி என்பதால் வாடை தரும் சிறு மூலக்கூறுகளுக்கு அது பொருத்தம். நிறம் நீக்க, சற்றே பெரிய துளைகள் கொண்ட மரக்கரி நல்லது. தண்ணீரில் கரைந்த உப்பை இரண்டுமே நீக்காது.

சரி, தமிழில் என்ன சொல்வது? தமிழ்நாட்டு வேதியியல் பாடநூல்கள் ‘ஆக்டிவேஷன் எனர்ஜி’யைக் கிளர்வு ஆற்றல் என்கின்றன. இலங்கையில் ஏவற்சக்தி. கிளர்தல் என்றால் எழும்புதல், உள்ளே இருப்பது மேலெழுதல். கரியில் முன்பே இருக்கும் குணத்தைத் தூண்டி எழுப்புவதால் ‘கிளர்வூட்டிய கரி’ சரியாகப் பொருந்துகிறது. ‘கரிமம்’ வேண்டாம். அது தனிமத்தின் பெயர். இந்தப் பொருளிலோ சாம்பலும் ஆக்சிஜனும் கொஞ்சம் கலந்தே இருக்கும்.

‘உறிஞ்சும் கரி’ என்பதையும் தவிர்க்கலாம். உறிஞ்சுதல் என்றால் பொருளின் உடம்பு முழுக்க ஊறிப்போவது. இங்கே அழுக்கு துளைச் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. அதற்குப் ‘பரப்புக் கவர்தல்’ என்ற சொல் இருக்கிறது. செய்முறைகளை நீராவிக் கிளர்வூட்டல், வேதிக் கிளர்வூட்டல் என்று பிரித்து எழுதலாம். சரக்கு தூளாக இருந்தால் கிளர்வூட்டிய கரித்தூள், மணிமணியாக இருந்தால் கிளர்வூட்டிய கரிக்குருணை.